விமானத்தில் சீட் இல்லை என்றால்: வவுச்சரா, இழப்பீடா, டிக்கெட் பணமா?

கையில் கன்ஃபர்ம் ஆன டிக்கெட் இருக்கிறது. நேரத்துக்கு விமான நிலையமும் வந்தாயிற்று. ஆனால் கவுண்டரில் இருப்பவர் திரையைப் பார்த்துவிட்டு, "ஃபிளைட் ஃபுல் சார், அடுத்ததுல அனுப்பறோம்" என்கிறார். கூடவே ஒரு வவுச்சரும் தருவதாகச் சொல்கிறார். சரி என்று வாங்கிக்கொள்வதா, முடியாது என்று நிற்பதா, டிக்கெட் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வேறு வழி பார்ப்பதா? பண்டிகை நெருங்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியோடு வந்துவிடுகிறார், பெரும்பாலும் கேட்டில் நின்றபடியே போனில்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வலுக்கட்டாயமாக இறக்கிவிட்டால் சட்டப்படி உங்களுக்கு எவ்வளவு வரும் என்ற எண் தெரியாமல் கவுண்டரில் எதற்கும் சரி சொல்லாதீர்கள். உங்கள் பேரத்தின் அடிமட்ட விலை அதுதான். அந்த எண் நாட்டுக்கு நாடு மாறுவதால், எந்த வழி லாபம் என்பதும் மாறுகிறது.

## ஏன் இருப்பதைவிட அதிகமாக விற்கிறார்கள்

டிக்கெட் எடுத்த எல்லோரும் வருவதில்லை. கல்யாணத்துக்கு 500 பத்திரிகை கொடுத்துவிட்டு 400 இலைக்குச் சமைக்கிற கணக்குதான் இது. என்ன வித்தியாசம் என்றால், இங்கே பத்திரிகை வாங்கியவர் முன்பணம் கட்டியிருக்கிறார்.

ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். 180 சீட் உள்ள ஏ320 விமானம். டிக்கெட் எடுத்தவர்களில் நூற்றுக்கு 5 பேர் வரமாட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் 185 டிக்கெட் விற்கிறது. வாங்கிய ஒவ்வொருவரும் வருவதும் வராததும் தனித்தனி விஷயம் என்று கொண்டால், 180 பேருக்கு மேல் வந்து நிற்பது நூறு பயணத்தில் நாலைந்து முறைதான் நடக்கும். ஒரு பயணத்துக்குச் சராசரியாக இறக்கிவிடப்படுபவர் 0.064 பேர். அவருக்கு இந்திய விதியின் உச்சமான 20,000 ரூபாயையே கொடுத்தாலும், பயணம் ஒன்றுக்குச் செலவு ஏறக்குறைய 1,300 ரூபாய். கூடுதலாக விற்ற 5 டிக்கெட் தலைக்கு 5,000 என்றால் வரவு 25,000. இப்போது தெரிகிறதா, ஏன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே தொடர்ந்து செய்கிறார்கள் என்று?

"வராதவன் பணத்தையும் எடுத்துக்கொள்கிறார்கள், அதே சீட்டை இன்னொருவனுக்கும் விற்கிறார்கள், இது அநியாயம் இல்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கோபம்தான். ஆனால் காலி சீட்டோடு பறக்கும் விமானத்தின் எரிபொருள் செலவை மீதிப் பேர்தான் சுமக்கிறார்கள் என்பதும் உண்மை. ஓவர்புக்கிங்கே, அதாவது சீட்டைவிட அதிகமாக டிக்கெட் விற்பதே, கூடாது என்பது என் வாதம் அல்ல. இறக்கிவிடுவதன் முழுச் செலவும் நிறுவனத்தின் கணக்கில் ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. மேலே போட்ட 1,300 ரூபாயில் ஒருவர் தவறவிடும் நேர்காணலோ, துக்க வீட்டுக்குத் தாமதமாகப் போய்ச் சேர்வதோ இல்லை.

இந்தக் கணக்கு உடையும் இடம் ஒன்று உண்டு. தீபாவளிக்கு முந்தைய நாள் ஊருக்குப் போகிறவர் டிக்கெட்டை வீணாக்கமாட்டார். வராதவர்கள் நூற்றுக்கு 2 பேராகக் குறைந்தால், அதே 185 டிக்கெட்டுக்கு மூன்றில் இரண்டு முறைக்கு மேல் யாரையாவது இறக்கிவிட வேண்டிவரும். அதனால் கூட்ட நாளில் கூடுதல் விற்பனையைக் குறைத்துக்கொள்வதுதான் நிறுவனத்துக்குப் புத்திசாலித்தனம். அப்படிக் குறைத்த பிறகும், பெரிய விமானத்துக்குப் பதில் சிறியதை அனுப்பினாலோ, தங்கள் பணியாளர்களை ஏற்றியாக வேண்டியிருந்தாலோ சீட் போய்விடும். 2017 ஏப்ரலில் சிகாகோவில் ஒரு பயணியை விமானத்திலிருந்து இழுத்துப்போனார்களே, அதுவும் யுனைடெட் நிறுவனப் பெயரில் பறந்த விமானத்தில் நான்கு பணியாளர்களுக்கு இடம் வேண்டும் என்பதற்காகத்தான்.

## எதை வைத்து எடைபோடுவது

நான் பார்ப்பது ஐந்து விஷயங்கள்.

1. கைக்கு வரும் தொகை. ரொக்கமா, வங்கிக் கணக்கில் வருமா, வவுச்சரா? 5,000 ரூபாய் வவுச்சரை நான் ஒருபோதும் 5,000 ரூபாயாக எண்ணுவதில்லை. வருடத்துக்கு ஒரு முறை பறப்பவர் பாதியாகத்தான் மதிப்பிட வேண்டும்.
2. நேரம். அடுத்த விமானம் எப்போது கிளம்புகிறது என்பதைவிட, நீங்கள் எப்போது போய்ச் சேர்வீர்கள் என்பது.
3. உறுதி. அடுத்த விமானத்தில் சீட் எண்ணோடு போர்டிங் பாஸ் தருகிறார்களா, இல்லை "பார்க்கலாம்" என்கிறார்களா?
4. விட்டுக்கொடுக்கும் உரிமை. கையெழுத்துப் போட்டால் பிறகு எதையெல்லாம் கேட்க முடியாது?
5. தொடர் செலவு. அடுத்த ஊரில் பதிவு செய்த அறை, தனி டிக்கெட்டில் எடுத்த இணைப்பு விமானம், காத்திருக்கும் வண்டி, ஒரு நாள் சம்பளம்.

ஐந்தாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பெங்களூரில் இறங்கி வேறு நிறுவனத்தின் விமானத்தில் தனி டிக்கெட்டில் தொடர்கிறீர்கள் என்றால், முதல் விமானத்தைத் தவறவிட்டதற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. உங்கள் முதல் டிக்கெட் 2,500 ரூபாயாக இருக்கலாம். பணயத்தில் இருப்பது 30,000 ரூபாய்.

## வழி 1: தானாக விட்டுக்கொடுப்பது

இந்தியாவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ.-வின் விதிப்படி நிறுவனம் முதலில் "யாராவது விட்டுக்கொடுக்கத் தயாரா?" என்று கேட்க வேண்டும். அப்படி முன்வருபவருக்கு என்ன தருவது என்பதற்குத் தொகை எதுவும் விதியில் கிடையாது. நிறுவனமும் நீங்களும் பேசி முடிப்பதுதான். சட்ட இழப்பீடு விருப்பத்துக்கு மாறாக இறக்கப்பட்டவருக்கு மட்டுமே. ஆகவே சரி என்று தலையாட்டிய அடுத்த நிமிடம் நீங்கள் வேறு கணக்கில் போய்விடுகிறீர்கள்.

இந்த முறைக்கு ஒரு கதை உண்டு. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜூலியன் சைமன் 1968-இல் ஒரு யோசனை சொன்னார். சீட் போதவில்லை என்றால் பயணிகளிடம் ஆளுக்கொரு உறை கொடுங்கள், எவ்வளவு கொடுத்தால் அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பீர்கள் என்று எழுதச் சொல்லுங்கள், குறைவாகக் கேட்டவரிடமிருந்து சீட்டை வாங்குங்கள் என்றார். நிறுவனங்கள் கேலி செய்தன. இதற்கிடையே 1972-இல் நுகர்வோர் உரிமைப் போராளி ரால்ஃப் நேடரையே அலெகெனி ஏர்லைன்ஸ் ஏற்றாமல் விட, அவர் வழக்குப் போட்டு, அது 1976-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. பொருளாதார அறிஞரான ஆல்ஃபிரட் கான் விமானப் போக்குவரத்து வாரியத்தின் தலைவராக வந்த பிறகு, 1978-இல் விருப்பமுள்ளவரை முதலில் கேள் என்பது அங்கே விதியானது.

யோசனையின் அழகு எளிமையானது. 180 பேரில் யாருக்கு அவசரம் இல்லை என்று நிறுவனத்துக்குத் தெரியாது. ஆனால் அந்த ஆளுக்குத் தெரியும். விலையைச் சொல்லவிட்டால் அவராகவே எழுந்து வருவார். விடுமுறையில் இருக்கும் கல்லூரி மாணவன் சிரித்துக்கொண்டே இறங்குவான். அறுவைச் சிகிச்சைக்குப் போகும் மருத்துவர் உட்கார்ந்திருப்பார். டெல்டா நிறுவனம் 2011 முதல் செக்-இன் செய்யும்போதே எவ்வளவு கேட்கிறீர்கள் என்று பயணியிடம் வாங்கிவைத்துக்கொள்கிறது. சைமனின் உறை கணினித் திரைக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். சிகாகோ சம்பவத்தில் 800 டாலரோடு ஏலத்தை நிறுத்திய யுனைடெட் நிறுவனத்தார், அந்த அவமானத்துக்குப் பிறகு உச்சவரம்பை 10,000 டாலராக உயர்த்தினார்கள்.

நம் ஊரில் ஏலம் அந்த அளவுக்கு வளரவில்லை. பெரும்பாலும் மைக்கில் கேட்பதற்குப் பதில், கடைசியில் வந்தவரிடம் மெதுவாகப் பேசிப் பார்ப்பதோடு சரி. பேச்சு இப்படிப் போகும்:

"சார், அடுத்த ஃபிளைட் ராத்திரி 9:40-க்கு. அதுல போட்டுத் தர்றோம். 4,000 ரூபாய் வவுச்சரும் உண்டு."

"நான் வேண்டாம்னு சொன்னா என்ன தருவீங்க?"

இந்த ஒரு கேள்வி போதும், பேச்சின் தொனி மாறிவிடும். எண் உங்களுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்துவிடுகிறது. அப்புறம் தொகையை ரொக்கமாகக் கேளுங்கள், சீட் எண்ணோடு போர்டிங் பாஸைக் கேளுங்கள், சாப்பாட்டுக் கூப்பனைக் கேளுங்கள், இரவு தங்க வேண்டியிருந்தால் அறையும் வண்டியும் கேளுங்கள். கவுண்டரில் நிற்பவர் சின்னச் சம்பளக்காரர், அவர் கையில் ஒரு வரம்புவரைதான் அதிகாரம் இருக்கும். அவரிடம் கத்திப் பயனில்லை. டியூட்டி மேனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்கள், மரியாதையாகவே.

மறைந்த செலவு வவுச்சரில்தான் அதிகம். காலாவதித் தேதி, பண்டிகை நாளில் செல்லாது என்ற நிபந்தனை, ஒரே முறை பயன்படுத்த வேண்டும் (மிச்சம் திரும்ப வராது), வேறொருவர் பெயருக்கு மாற்ற முடியாது, அடிப்படைக் கட்டணத்துக்கு மட்டும் கழிக்கும். இந்த ஐந்தையும் கேட்டுவிட்டு வாங்குங்கள். சர்வதேசப் பயணத்தில் இமிக்ரேஷன் முடித்த பிறகு விட்டுக்கொடுத்தால், வெளியேறும் முத்திரையை ரத்து செய்துவிட்டு வெளியே வர வேண்டும். அந்த அலைச்சலுக்கும் விலை வையுங்கள்.

எப்போது இது நல்லது: உங்களுக்கு நேரம் இருக்கும்போது, தனியாக, கைப்பையோடு மட்டும் பயணிக்கும்போது, தருவதாகச் சொல்லும் தொகை, ரொக்கமாக, சட்ட இழப்பீட்டைத் தாண்டும்போது. அமெரிக்காவில் இது அடிக்கடி நடக்கும்.

## வழி 2: விடாமல் நின்று, இழப்பீட்டோடு அடுத்த விமானம்

விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று சொல்லியும் நிறுவனம் உங்களை ஏற்றவில்லை என்றால், இந்திய விதி இப்படி:

- மாற்று விமானம் முதல் விமானத்தின் நேரத்திலிருந்து 1 மணி நேரத்துக்குள் கிளம்பினால் இழப்பீடு கிடையாது.
- 24 மணி நேரத்துக்குள் என்றால், ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையில் 200 சதவீதம். அதிகபட்சம் 10,000 ரூபாய்.
- 24 மணி நேரத்துக்கு மேல் என்றால் 400 சதவீதம். அதிகபட்சம் 20,000 ரூபாய்.

2016 ஆகஸ்டில் வந்த திருத்தம் இது. அதற்கு முன் உச்சமே 4,000 ரூபாய்தான். அந்த வகையில் பெரிய முன்னேற்றம். ஆனால் உச்சவரம்பு அன்று போட்ட எண்ணிலேயே நிற்கிறது, டிக்கெட் விலை நிற்கவில்லை.

நீங்கள் கட்டிய மொத்தத் தொகை கணக்கில் வராது என்பதைக் கவனியுங்கள். விமான நிலையக் கட்டணம், ஜி.எஸ்.டி., சீட் தேர்வுக்கும் சாப்பாட்டுக்கும் கட்டியது எல்லாம் வெளியே. சென்னை–மதுரை டிக்கெட் 3,900 ரூபாய், அதில் அடிப்படையும் எரிபொருளும் 2,800 என்று வைத்துக்கொண்டால், 200 சதவீதம் என்பது 5,600. ஆகவே 4,000 ரூபாய் வவுச்சருக்குச் சரி சொன்னவர் அந்த நிமிடமே நஷ்டப்பட்டுவிட்டார்.

கூட்ட நாளில் வேறு பிரச்சினை. அதே டிக்கெட்டின் அடிப்படைக் கட்டணம் 11,000-க்கு ஏறியிருந்தால் 200 சதவீதம் 22,000 வர வேண்டும். வரம்பு 10,000-இல் வெட்டிவிடும். அதிகம் கொடுத்தவருக்கு விகிதத்தில் குறைவு. விதியின் மிகப் பலவீனமான இடம் என்று நான் நினைப்பது இதைத்தான். இறக்கிவிடுவது மிகவும் வலிக்கும் நாளில் நிறுவனத்துக்கான தண்டனை மிக லேசாகிவிடுகிறது.

மறைந்த செலவு காத்திருப்பதுதான். 1 மணி நேரத்துக்குள் மாற்று விமானம் என்று சொல்லிவிட்டு அது தாமதமாகக் கிளம்பினால் வாக்குவாதம் தொடங்கும். "இந்த விமானம் இத்தனை மணிக்கு, இன்ன சீட்" என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எப்போது இது நல்லது: தூரப் பயணம், வேறு வழியில் போக முடியாது, அன்றைக்கே இன்னொரு விமானம் இருக்கிறது, கையிலிருந்து புது டிக்கெட்டுக்குப் பணம் போட முடியாது.

## வழி 3: மாற்று விமானம் வேண்டாம், பணத்தைக் கொடு

பலருக்குத் தெரியாத வழி இது. நிறுவனம் தரும் மாற்று விமானத்தை நீங்கள் மறுத்தால், டிக்கெட்டின் முழுத் தொகையும் திரும்ப வர வேண்டும். அதோடு 400 சதவீத இழப்பீடு, அதிகபட்சம் 20,000. அதாவது அடுத்த விமானத்தில் போகிறவருக்கு 200 சதவீதம் கிடைக்கும் சூழ்நிலையிலும், "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று கிளம்புகிறவருக்கு இரண்டு மடங்கு. நிறுவனத்துக்கு அடுத்த விமானத்தில் ஒரு சீட் மிச்சம், அதை இன்னொருவருக்கு விற்கலாம் என்பதால் இதில் ஓரளவு நியாயமும் இருக்கிறது.

வழி 2-ஐ விட இது எப்போது லாபம் என்பதற்கு ஒரு சின்னச் சூத்திரம்: வேறு வழியில் போக ஆகும் செலவு, உங்கள் டிக்கெட் விலையும் கூடுதலாகக் கிடைக்கும் இழப்பீடும் சேர்ந்ததைவிடக் குறைவாக இருந்தால் வழி 3.

மதுரை உதாரணத்தில் டிக்கெட் 3,900, கூடுதல் இழப்பீடு 5,600 (11,200-க்கும் 5,600-க்கும் உள்ள வித்தியாசம்), மொத்தம் 9,500. பாண்டியன் எக்ஸ்பிரஸில் இடம் கிடைத்தாலோ, விமான நிலையத்திலிருந்து நேராகக் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் போய்ப் பஸ் ஏறினாலோ 9,500-க்குப் பக்கத்தில்கூட வராது. நாலைந்து பேர் சேர்ந்து டாக்சி பிடித்தால்கூடத் தலைக்கு அவ்வளவு ஆகாது.

தில்லி உதாரணம் பாருங்கள். டிக்கெட் 6,800, அடிப்படையும் எரிபொருளும் 5,200. வழி 2-இல் 10,400 வர வேண்டியது 10,000 ஆக நிற்கும். வழி 3-இல் 20,800 என்பது 20,000. எல்லை 6,800 + 10,000 = 16,800. வேறு நிறுவனத்தில் கடைசி நேர டிக்கெட் 14,000-க்குக் கிடைத்தால், கணக்குப்படி அதை வாங்குவதே லாபம். நேரமும் மிச்சமாகலாம்.

ஆனால் கணக்கு வேறு, பணப்புழக்கம் வேறு. 14,000-ஐ இப்போதே கார்டில் தேய்க்க வேண்டும். 26,800 பின்னால்தான் வரும். ஏஜென்ட் வழியாகவோ செயலி வழியாகவோ எடுத்த டிக்கெட் என்றால் திரும்ப வரும் பணம் அவர்களைச் சுற்றிக்கொண்டு வரும். நடுவில் நிறுவனம், "பயணி தானாக ரத்து செய்தார்" என்று பதிவு செய்துவிட்டால் உங்கள் நிலைமை கஷ்டம். கேட்டைவிட்டு நகர்வதற்கு முன், ஏற்ற மறுத்தது நிறுவனம் என்பதை எழுத்திலோ மின்னஞ்சலிலோ வாங்குவது மற்ற வழிகளைவிட இதில் முக்கியம்.

இன்னொரு பள்ளம்: ஒரே பி.என்.ஆர்.-இல் திரும்பும் பயணமும் இருந்தால், போகும் பயணத்தில் நீங்கள் ஏறவில்லை என்று கணினி நினைத்து, திரும்பும் டிக்கெட்டையும் ரத்து செய்துவிடக்கூடும். "ரிட்டர்ன் அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லி, திரையில் பார்த்துவிட்டே நகருங்கள். செக்-இன் செய்த பெட்டி எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள். ராமேஸ்வரம் போகிறவர் ரயிலிலும் பெட்டி மதுரை விமானத்திலும் போவது நல்ல காட்சி அல்ல.

எப்போது இது நல்லது: 600 கிலோமீட்டருக்குள் உள்ள ஊர், கூட்டம் இல்லாத நாள், அதாவது ரயிலில் கரண்ட் புக்கிங்கில் இடம் கிடைக்கும் நாள், அல்லது பயணத்தின் காரணமே போய்விட்ட நிலை. மாலை 6 மணி வரவேற்புக்கு இரவு 11 மணிக்குப் போய் என்ன செய்வது, வீட்டுக்குத் திரும்பிவிடலாம். தீபாவளிக்கு முந்தைய இரவு இந்த வழியை நம்பாதீர்கள். ரயிலில் இடம் இருக்காது, ஆம்னி பஸ் கட்டணம் விமானத்தோடு போட்டி போடும்.

## மூன்றையும் பக்கத்தில் வைத்தால்

| | வழி 1: விட்டுக்கொடுத்தல் | வழி 2: இழப்பீடு + அடுத்த விமானம் | வழி 3: டிக்கெட் பணம் + இழப்பீடு |
|---|---|---|---|
| தொகை (இந்தியா) | பேச்சைப் பொறுத்தது | 200 அல்லது 400 சதவீதம். 10,000 அல்லது 20,000 வரை | முழு டிக்கெட் + 400 சதவீதம், 20,000 வரை |
| வடிவம் | பெரும்பாலும் வவுச்சர் | பணமாகக் கேளுங்கள் | பணமாகக் கேளுங்கள் |
| சட்ட உரிமை | பேசியது மட்டுமே | இருக்கிறது | இருக்கிறது |
| பெரிய ஆபத்து | பயன்படாத வவுச்சர் | 1 மணி நேர விலக்கு | தானாக ரத்து செய்ததாகப் பதிவாவது, ரிட்டர்ன் டிக்கெட் |
| மதுரை உதாரணம் | 5,600-க்கு மேல் கேளுங்கள் | 5,600 + பயணம் | 15,100, பயணச் செலவு உங்களுடையது |

## வெளிநாட்டுப் பயணம் என்றால் எண் மாறும்

இலக்கு ஐரோப்பாவோ கனடாவோ என்றால் மேலே சொன்ன தராசு அப்படியே பொருந்தாது.

| எங்கே | விருப்பத்துக்கு மாறாக இறக்கினால் |
|---|---|
| ஐரோப்பிய ஒன்றியம் | தூரத்தைப் பொறுத்து 250, 400, 600 யூரோ |
| பிரிட்டன் | 220, 350, 520 பவுண்டு |
| கனடா | தாமதத்தைப் பொறுத்து 900, 1,800, 2,400 கனடிய டாலர் |
| அமெரிக்கா | ஒருவழிக் கட்டணத்தில் 200 அல்லது 400 சதவீதம். உச்சம் 1,075 அல்லது 2,150 டாலர் (2025 ஜனவரி முதல்) |

ஐரோப்பிய விதியில் தொகை டிக்கெட் விலையோடு கட்டப்படவில்லை, தூரத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. 40 யூரோவுக்கு டிக்கெட் எடுத்தவருக்கும் 250 யூரோ. இந்த ஒரு வித்தியாசமே தராசைச் சாய்த்துவிடுகிறது: அங்கே மலிவு டிக்கெட்காரர் நின்று வாங்குவதுதான் பெரும்பாலும் லாபம். மாற்று விமானம் அதிகத் தாமதமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்தால் தொகையைப் பாதியாக்கலாம் என்ற விலக்கு உண்டு. வவுச்சராகத் தர உங்கள் கையெழுத்துள்ள சம்மதம் வேண்டும். ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் எந்த நிறுவன விமானத்துக்கும் இது பொருந்தும். ஐரோப்பாவுக்குப் போகும்போது ஐரோப்பிய நிறுவனமாக இருக்க வேண்டும். பிரிட்டனிலும் இதே போன்ற ஏற்பாடுதான். அதனால் லண்டனிலிருந்து ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸில் கொழும்பு போகும் யாழ்ப்பாணத்துக்காரருக்கு 520 பவுண்டு உரிமை இருக்கிறது. அதே நிறுவனத்தில் கொழும்பிலிருந்து லண்டன் திரும்பும்போது அந்த விதி கைகொடுக்காது.

கனடாவில் 6 மணி நேரத்துக்குக் குறைவான தாமதத்துக்கே 900 கனடிய டாலர். காரணம் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்குள் இருக்க வேண்டும், ஓவர்புக்கிங் அப்படிப்பட்டதுதான். 9 மணி நேரத்தைத் தாண்டினால் 2,400. டொராண்டோவிலிருந்து ஊருக்கு வரும் குடும்பங்கள் இதைக் குறித்துவைத்துக்கொள்ளலாம். கேட்டில் 400 டாலர் வவுச்சரை நீட்டினால் புன்னகைத்துவிட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள்.

அமெரிக்காவில் நிலைமை நேர்மாறு. அங்கே விகிதம் டிக்கெட் விலையோடு போவதால், 150 டாலர் டிக்கெட்டுக்கு 400 சதவீதம் என்பது 600 டாலர்தான். ஆனால் சிகாகோ சம்பவத்துக்குப் பிறகு வலுக்கட்டாயமாக இறக்குவதற்கு நிறுவனங்கள் பயப்படுகின்றன, ஏலம் 600-ஐ எளிதாகத் தாண்டலாம். அதனால் அங்கே வழி 1. முதலில் கை தூக்குவதில் அவசரம் வேண்டாம், ரொம்பவும் தாமதிக்கவும் வேண்டாம். தேவையான சீட் கிடைத்ததும் ஏலம் முடிந்துவிடும். வலுக்கட்டாயமாக இறக்கியதற்கான காசோலையை மாற்றிக்கொண்டால் கூடுதலாகக் கேட்கும் வாய்ப்பு போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள். பெரிய விமானத்துக்குப் பதில் சிறியதை அனுப்பியதால் சீட் போனால் அங்கே இழப்பீடு இல்லாமலும் போகலாம்.

## எந்த வழிக்கும் தேவைப்படுவது

யாரை இறக்குவது என்று தீர்மானிக்கும்போது கடைசியாக செக்-இன் செய்தவரும், மலிவு வகை டிக்கெட்காரரும், அடிக்கடி பயணிப்போர் அட்டை இல்லாதவரும்தான் முதலில் கண்ணில் படுவார்கள். சீட் போகக் கூடாது என்றால் வெப் செக்-இன் திறந்ததும் முடித்துவிடுங்கள். விமான நிலையத்துக்குத் தாமதமாக வந்தால் இழப்பீட்டுப் பேச்சே கிடையாது. சரியான நேரத்தில் ஆஜரானவருக்குத்தான் உரிமை. கவுண்டருக்கு வந்த நேரம் தெரியும்படி போனில் ஒரு படம் எடுத்துவைப்பது நல்லது.

பணம் தர மறுத்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள், அப்புறம் மத்திய அரசின் ஏர்சேவா தளம், அதற்கும் அசையவில்லை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915, மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய்க்குள் உள்ள விவகாரத்துக்கு ஆணையத்தில் கட்டணம் இல்லை. ஒழுங்குமுறை அமைப்பும் எப்போதும் தூங்குவதில்லை: டிக்கெட் வைத்திருந்தவர்களை ஏற்ற மறுத்து, இழப்பீடும் தராததற்காக 2022 ஜூனில் ஏர் இந்தியாவுக்கு டி.ஜி.சி.ஏ. 10 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. புகாரில் பி.என்.ஆர்., போர்டிங் பாஸ் அல்லது டிக்கெட், ஏற்ற மறுத்ததற்கான எழுத்து, கவுண்டரில் நின்ற நேரம் நான்கும் இருக்கட்டும். வழி 3-இல் போனவர்கள் ரயில் அல்லது புது விமான டிக்கெட் ரசீதையும் சேர்த்து வையுங்கள், ஆணையத்தில் முதலில் கேட்பது அதைத்தான்.